குறையும் பழுதும்

வெளியிலிருந்து வந்த ஒருவர் ஓர் ஊரில் நிலைபெற்றுவிட்டார் என்று எதை வைத்து முடிவு செய்வது என்பது எளிய கேள்வி அல்ல. ஒரு நாட்டின் அரசு இதற்கு விடை காணப் பதினான்கு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. முதலில் நாட்டுப்பண்ணைப் பாடச் சொல்லிப் பார்த்தார்கள். அடைக்கலம் தேடி வந்தவர்கள் மூன்று பத்தியையும் மனப்பாடமாகப் பாடினார்கள். மதிப்பெண் போட உட்கார்ந்திருந்த அதிகாரிகளுக்கு இரண்டாவது பத்தியில் வாய் அசைந்ததே தவிரச் சத்தம் வரவில்லை. பிறகு வரலாற்றுத் தேர்வு வைத்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் தேறினார்கள்; ஒத்திகைக்காக எழுதிப் பார்த்த துறைச் செயலர் தேறவில்லை. அந்தத் தேர்வு நிர்வாகக் காரணங்களுக்காகக் கைவிடப்பட்டது.

கடைசியில் ஒரு வல்லுநர் குழு ஊர் ஊராகப் போய், இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் அத்தனை பேரும் தவறாமல் செய்கிற காரியம் எது என்று ஆராய்ந்தது. ஒரே ஒரு விடைதான் கிடைத்தது. எல்லோரும் குறை சொன்னார்கள். ஆராய வந்தவர்கள் வந்த நேரம் சரியில்லை என்பதில் தொடங்கி, கேட்ட கேள்வி சரியில்லை என்பது வரை சொன்னார்கள். அறிக்கை வெளியானதும் அறிக்கை சரியில்லை என்றார்கள். இதைவிட உறுதியான சான்று வேறு என்ன வேண்டும்?

அதிலிருந்து படிவம் ஏழு நடைமுறைக்கு வந்தது. அதன் அடியில் அதிகாரி கையெழுத்திட வேண்டிய வாசகம் இது: 'விண்ணப்பதாரர், இந்நாட்டில் பிறந்தவருக்கு நிகரான அளவிலும் தரத்திலும், தங்குதடையின்றியும் உள்ளார்ந்த ஈடுபாட்டுடனும் குறை தெரிவிக்க வல்லவர் என இதனால் சான்றளிக்கப்படுகிறது.' இந்த நிலைபேற்றுச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் வேலை பார்க்கலாம். அதைவிட முக்கியம், பின்தங்கிவிட்ட குடும்பத்தினரை வரவழைக்கலாம்.

சான்றிதழ் பெற உதவுவதற்காக ஊருக்கு ஊர் குழுக்கள் முளைத்தன. ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் நான்காவது மாடியில், இரண்டு அறைகளில் இயங்கிய 'புதிதாக வந்தோர் வரவேற்பு மற்றும் நிலைபேற்று உதவிக் குழு' அவற்றில் ஒன்று. தலைவர் ஒரு பல் டாக்டர். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தபடி பதில் சொல்ல முடியாமல் கிடக்க, தாம் மட்டும் பேசியே பழகியவர்; கூட்டம் நடத்துவதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. செயலாளர் அம்மா ரயில் நிலையத்தில் விசாரணை ஜன்னலில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்து ஓய்வுபெற்றவர். ஊரின் அத்தனை குறைகளையும் காதால் கேட்டவர் என்பதால் குறை கூறும் வகுப்பை அவரே நடத்தினார்.

குழுவினர் நல்லவர்கள். அதில் சந்தேகம் வேண்டாம். வந்தவர்களுக்குப் போர்வையும் பாத்திரமும் கொடுத்தார்கள், ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனார்கள், வீடு பிடித்துக் கொடுத்தார்கள். அப்படித்தான் எல்லை கடந்து வந்த ஒரு மாமியாருக்கும் மருமகளுக்கும் அதே கட்டடத்தின் ஆறாவது மாடியில் வீடு கிடைத்தது. வயதானவர் உள்ள குடும்பத்துக்கு லிப்ட் உள்ள கட்டடத்தில்தான் வீடு ஒதுக்க வேண்டும் என்று விதி. இந்தக் கட்டடத்தில் லிப்ட் இருந்தது. அது ஓட வேண்டும் என்று விதியில் இல்லை.

லிப்ட் ஓடி பதினோரு வருடம் ஆகியிருந்தது. கதவில் 'பழுதுபார்ப்பில் உள்ளது' என்ற பலகை தொங்கியது. பலகையும் பழுதாகி ஒருமுறை மாற்றப்பட்டிருந்தது. உள்ளே குழுவின் பழைய 'வருக வருக' பதாகைகள் மூன்றும், ஒரு துடைப்பமும், கால் உடைந்த நாற்காலி ஒன்றும் இருந்தன. காலையில் வேலைக்குப் போகிறவர்களும் மாலையில் திரும்புகிறவர்களும் அந்தக் கதவுக்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்று, பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்து, "இவங்க எங்க சரி பண்ணப் போறாங்க" என்று ஆரம்பிப்பார்கள். அங்கே பேசித்தான் மூன்றாம் மாடிப் பெண்ணுக்கு ஐந்தாம் மாடிப் பையனை முடித்தார்கள்.

மருமகள் தன் நாட்டில் இருபது வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவள். முதல் நாள், மாமியாரை முதுகில் சுமந்துகொண்டு படியேறும்போது, கதவில் ஒரு கணம் காதை வைத்துப் பார்த்தாள்.

"எலும்பு குத்துது," என்றாள் முதுகிலிருந்த மாமியார்.

எல்லை கடக்கும்போதும் அப்படித்தான். இரண்டு மலை ஏறி இறங்கும்வரை மருமகளின் தோள் எலும்பைப் பற்றி மாமியார் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர்களோடு வந்த மாமியாரின் மகனை எல்லைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள். பஸ் டிரைவர், பெயரில் நான்கு எழுத்து. அடையாளத் தாளில் கடைசி எழுத்தின் மேல் புள்ளி விட்டுப்போயிருந்தது. புள்ளி உள்ளவர் வேறு, புள்ளி இல்லாதவர் வேறு என்பது சாவடியின் நிலைப்பாடு. "பரவாயில்லை, நீங்க முன்னாடி போங்க," என்று அவன் கையசைத்தான். அந்தப் பக்கத்து முகாமில் இருபது மாதமாக உட்கார்ந்திருக்கிறான். மனைவி சான்றிதழ் வாங்கி விண்ணப்பித்தால் வரலாம். இந்த மாதக் கடைசிக்குள் விண்ணப்பம் போகாவிட்டால் அவன் பெயர் பட்டியலின் அடிக்குப் போய்விடும். பட்டியல் எவ்வளவு நீளம் என்று யாரும் சொல்லவில்லை.

சான்றிதழுக்கு மூன்று வாய்ப்பு. முதல் தேர்வுக்கு மாமியாரும் மருமகளும் சேர்ந்தே போனார்கள். அதிகாரி இருவருக்கும் டீ கொடுக்கச் சொன்னார். அதுவும் தேர்வின் ஒரு பகுதி.

மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஆறின டீயைக் குடுக்கறதுக்கு இத்தனை பேர் ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கீங்களா? நாற்காலி ஆடுது. ஜன்னலைத் திறந்தா புழுதி, மூடினா புழுக்கம். நீங்க என்ன சார், பேசும்போது ஆளைப் பார்த்துப் பேசமாட்டீங்களா?"

அதிகாரி எழுந்து நின்று கைகுலுக்கினார். அவருடைய பணிக்காலத்தில் ஏழு நிமிடத்தில் யாரும் நிலைபெற்றதில்லை. ஆனால் அறுபது வயதைக் கடந்தவர் 'சார்ந்திருப்போர்' என்ற பிரிவில் வருவதால், அவரால் யாரையும் வரவழைக்க முடியாது. தாமே சார்ந்திருப்பவரை வேறொருவர் எப்படிச் சார்ந்திருக்க முடியும்?

"உங்களுக்கு டீ எப்படி இருந்துச்சும்மா?" என்று மருமகளைக் கேட்டார்.

"பரவாயில்லைங்க."

"நாற்காலி?"

"பரவாயில்லைங்க."

"வீடு ஆறாவது மாடி. லிப்ட் ஓடலை. அம்மாவைத் தூக்கிட்டு ஏறணும்."

"பரவாயில்லைங்க. கைப்பிடிச் சுவர் இருக்கு."

அதிகாரி வருத்தத்தோடு பேனாவை மூடினார். 'விண்ணப்பதாரர் இன்னும் அயலாராகவே உள்ளார்' என்பது அவருடைய குறிப்பு.

அன்றிலிருந்து செயலாளர் அம்மா அவளைத் தனியாக உட்காரவைத்து வகுப்பு எடுத்தார். இவர் கையில் படித்துத் தேறாதவர்கள் குறைவு. போன வருடம் வந்த மருந்துக்கடைக்காரர் ஒருவர், வகுப்பே சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தேறினார். அந்தத் தாளைச் செயலாளர் அம்மா கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்.

"முதல்ல 'ச்சு'. நாக்கை மேல் பல்லுல ஒட்டி எடு. எங்க?"

"ச்சு."

"இது குருவியைக் கூப்பிடற மாதிரி இருக்கு. அலுப்பு வரணும். இந்த 'ச்சு'விலேயே எதிராளி பாதி செத்துடணும். சரி, விடு. பஸ் அரை மணி லேட்டா வருது. நீ என்ன சொல்லுவ?"

"வந்துருச்சே மேடம்."

"வந்துச்சு. லேட்டா வந்துச்சு."

"எங்க ஊர்ல கடைசி நாலு மாசம் பஸ்ஸே வரலை மேடம். இது அரை மணியிலயே வந்துருச்சு."

செயலாளர் அம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நீ பழசோட ஒப்பிடறே. அதுதான் தப்பு. குறை சொல்றவங்க எதோட ஒப்பிடணும் தெரியுமா? இல்லாத ஒண்ணோட. சரி, மழை?"

"நல்ல மழை."

"ரொம்ப பெய்யுதா, கம்மியா பெய்யுதா?"

"தேவைக்குப் பெய்யுது மேடம்."

"அம்மா தாயே," என்றார் செயலாளர் அம்மா. "முப்பத்தொரு வருஷம் ஜன்னல்ல உட்கார்ந்திருந்தேன். ஒருத்தர், ஒரே ஒருத்தர், ரயில் சரியான நேரத்துக்கு வந்துருச்சுன்னு சொல்ல வந்தார். அவரையும் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பினோம்."

இரண்டாவது தேர்வு எழுத்துத் தேர்வு. பொருள் அவள் நன்மைக்கென்றே அமைந்தது போல் இருந்தது: 'இக்கட்டடத்தின் லிப்ட் குறித்து ஒரு பக்கத்துக்குக் குறையாமல் குறை எழுதுக.' குழுவினர் மகிழ்ந்து போனார்கள். தலைவர் அவள் தோளைத் தட்டி, "பதினோரு வருஷத்து விஷயம்மா. அள்ள அள்ள வரும்," என்றார்.

அவள் நாலு வரி எழுதினாள். இரண்டாம் மாடிக் கதவின் பூட்டுத் தொடுமுனை வளைந்திருக்கிறது. அதனால் கதவு மூடியது மேலே மோட்டாருக்குத் தெரிவதில்லை. ஒரு செப்புத் தகடு, ஒரு திருப்புளி, அரை நாள். துடைப்பத்தை முதலில் வெளியே எடுக்க வேண்டும்.

அதிகாரி தாளை மூன்று முறை படித்தார். "இதுல குறை எங்கம்மா இருக்கு?"

"இது குறை இல்லைங்க. பழுது."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லைங்க. குறைன்னா சொல்றது. பழுதுன்னா சரி பண்றது."

லிப்ட் பராமரிப்பு உபகுழு என்று ஒன்று ஏழு உறுப்பினர்களோடு பதினோரு வருடமாக மாதாமாதம் கூடிக்கொண்டிருந்தது. அதற்கும் தலைவர் பல் டாக்டர்தான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவங்களுக்கு இங்கத்து நிலவரம் தெரியாது சார். புதுசு," என்றார் மென்மையாக.

"நானே பண்ணிடவா?" என்று மருமகள் கேட்டாள். "திருப்புளி மட்டும் வேணும்."

"பண்ணிடாதீங்க," என்றார் அதிகாரி அவசரமாக. "சான்றிதழ் இல்லாம வேலை பார்த்தா விண்ணப்பமே ரத்தாயிடும். கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

விடைத்தாளில் சிவப்பு மையில் எழுதினார்: 'குறை எதுவும் தெரிவிக்கவில்லை. தீர்வு மட்டுமே தெரிவித்துள்ளார். மதிப்பெண்: பூஜ்யம்.'

மூன்றாவது தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. மாமியார் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். மத்தியானம் சாப்பிட்டு முடித்த கையோடு மருமகளை எதிரில் உட்காரவைத்தாள்.

"ஊரு, பஸ்சு, லிப்ட்டு எல்லாத்தையும் விடு. அதெல்லாம் உனக்கு வராது. பக்கத்துல இருக்கறதைப் பத்திச் சொல்லு. என்னைப் பத்திச் சொல்லு."

"உங்களைப் பத்தியா? என்ன அத்தை சொல்றது, ஒண்ணும் இல்லையே."

மாமியாரின் முகம் மாறியது. "ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்லை அத்தை."

"பதினாறு வருஷம். உப்பு பத்தலை, உறைப்பு பத்தலை, துணி சரியா பிழியலைன்னு ஒரு நாள் உன்னை விட்டிருக்கேனா? ஜுரத்துல படுத்திருந்தப்பகூட எழுந்து வந்து சொல்லிட்டுத்தானே போய்ப் படுத்தேன். அதுல ஒண்ணுகூடவா உன் மனசுல நிக்கலை?"

"நீங்க சொன்னா சரி பண்ணிடுவேன் அத்தை. அதோட முடிஞ்சுபோச்சு."

"முதுகுல தூக்கிட்டு மலை ஏறினியே. வழி பூரா உன்னைத் திட்டிக்கிட்டே வந்தேனே. அப்பக்கூட இந்தக் கிழவியைக் கீழ போட்டுடலாமான்னு தோணலை?"

"உங்க பேச்சு நின்னுபோனாதான் பயமா இருக்கும். கேட்டுக்கிட்டே இருந்தா, சரி, மூச்சு இருக்குன்னு நடப்பேன்."

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். "என் உழைப்பெல்லாம் வீண்," என்றாள்.

தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. வாரத்துக்கு ஒருமுறை மத்தியானம் மூன்று மணிக்கு முகாமுக்குப் பத்து நிமிடம் பேசலாம். முதல் நான்கு நிமிடம் கொரகொரவென்று சத்தம்தான் வரும்.

"சாப்பிட்டீங்களா?"

"பரவாயில்லை."

"சாப்பிட்டீங்களான்னு கேட்டேன்."

"அதான், பரவாயில்லை. அம்மா எப்படி இருக்காங்க?"

"திட்டிக்கிட்டு இருக்காங்க. இருமல்?"

"பரவாயில்லை."

"கூடாரம் ஒழுகுதுன்னு சொன்னீங்களே?"

"இப்ப மழை இல்லை. பரவாயில்லை. உனக்கு அங்க எப்படி?"

அவள் வாயைத் திறந்தாள். அதிகாரியிடம் சொன்ன அதே சொல்தான் வந்தது. "பரவாயில்லை," என்றாள். இணைப்பு அறுந்துவிட்டது. போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். எதிரெதிரே இரண்டு லிப்ட், ஆளுக்கொரு மாடியில் கதவை மூடிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. பழுது எங்கே என்று கண்டுபிடிக்கக் காதை வைக்க இடம் இல்லை.

மூன்றாவது தேர்வு வாய்மொழி. மாமியார் இரண்டு மாடி இறங்கி வந்து, ஒவ்வொரு படிக்கும் ஒன்று சொல்லி, கூட்ட அறையின் மூலையில் உட்கார்ந்தாள். அதிகாரி நடுவில். தலைவரும் செயலாளர் அம்மாவும் இரண்டு பக்கமும். மேசையில் படிவம் ஏழு.

"விண்ணப்பதாரருக்குக் குறை ஏதும் உண்டா?"

செயலாளர் அம்மா நாக்கை மேல் பல்லில் ஒட்டிக் காட்டிச் சைகை செய்தார்.

"ச்சு," என்றாள் மருமகள். நன்றாகவே வந்தது. "இந்த லிப்ட் இருக்கே." நிறுத்தினாள். அறை முழுக்க அவளோடு சேர்ந்து மூச்சைப் பிடித்தது. "அதுல அந்தத் தொடுமுனை மட்டும்தான் வளைஞ்சிருக்கு."

செயலாளர் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி சிவப்புப் பேனாவை எடுத்தார். அவரும் கல் நெஞ்சக்காரர் இல்லை. எழுதுவதற்கு முன் ஓர் ஆறுதலுக்காக, படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"வீட்டுக்காரர் எப்படிம்மா இருக்கார்?"

"அவரைப் பத்திக் கேட்காதீங்க," என்றாள்.

அதிகாரி பேனாவை அப்படியே பிடித்திருந்தார்.

"இருபது மாசமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பண்றேன். சாப்பாடு எப்படி, பரவாயில்லை. இருமல் எப்படி, பரவாயில்லை. இருமல்ல என்னங்க பரவாயில்லை? ஒண்ணு இருக்கணும், இல்ல போகணும். ஒரு மிஷின்கூட எங்க வலிக்குதுன்னு சத்தம் போட்டுச் சொல்லுது. இருபது வருஷம் மிஷினோட பேசியிருக்கேன், ஒண்ணுகூட என்கிட்ட மறைச்சதில்லை. இந்த மனுஷன் வாயைத் திறக்கமாட்டார். பதினாறு வருஷக் குடும்பத்துல சாப்பாட்டுல உப்பு இல்லைன்னு ஒரு நாள் சொன்னதில்லை. எல்லாத்துக்கும் சேர்த்து அவங்கம்மாதான் சொல்லுவாங்க. எல்லையில ஒரு புள்ளிக்காக நிறுத்தினாங்களே, அப்ப ஒரு கத்து கத்தியிருக்கலாம்ல? பஸ் ஓட்டறவர்தானே, ஹாரன் அடிக்கத் தெரியாதா? 'பரவாயில்லை, நீங்க முன்னாடி போங்க'ன்னு கையை ஆட்டறார். என்ன பரவாயில்லை? யாருக்குப் பரவாயில்லை? போன வாரம் செருப்பு அறுந்துபோச்சாம். அதைக்கூட அவர் சொல்லலை, பக்கத்துக் கூடாரத்துக்காரர் சொல்றார். இந்தக் குளிருக்கு வெறுங்காலோட நின்னுக்கிட்டு என்கிட்ட, உனக்கு எப்படின்னு கேட்கிறார். நான் என்னன்னு பதில் சொல்றது?"

கடைசி வார்த்தை உடைந்துபோய் வந்தது. அதை மறைக்க "ச்சு" என்றாள். அந்த 'ச்சு'வில் குறை சொல்வதற்கு எதுவும் இல்லை.

செயலாளர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க வீட்லயும் இதே கதைதான்மா. நாலு நாள் நெஞ்சு வலியை வச்சுக்கிட்டு, வாயுன்னார்," என்றார். தலைவர் விட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் வீட்டில் போன வாரம்தான் இந்தப் பேச்சு நடந்திருந்தது.

அதிகாரி நீலப் பேனாவைத் தேடி எடுத்தார். "ஒரே ஒரு தெளிவு வேணும். இவ்வளவு குறை இருக்கறப்ப, அவரை எதுக்காக இங்க வரவழைக்கிறீங்க?"

"நேர்ல திட்டறதுக்கு."

அதை அதிகாரி அப்படியே, எழுத்துக்கு எழுத்து, 'வரவழைப்பதன் நோக்கம்' என்ற கட்டத்தில் எழுதினார். மூலையிலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள்.

"கேட்டீங்களா சார்? பெத்தவ முன்னாடியே என் பிள்ளையை என்ன பேச்சு பேசறா பாருங்க." கொஞ்சம் யோசித்தாள். "அப்படிச் சொன்னாலும் முழுசா சொன்னாளா? பாதியை விட்டுட்டா. அவன் சின்ன வயசுலயே அப்படித்தான்."

'குடும்பம் முழுமையாக நிலைபெற்றுவிட்டது' என்று எழுதி, அதிகாரி முத்திரை குத்தினார். மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. விண்ணப்பம் அன்று மாலையே போயிற்று, இந்தத் தடவை எல்லாப் புள்ளிகளோடும்.

மறுநாள் காலை மருமகள் குழுவிடம் லிப்டைப் பழுதுபார்க்க அனுமதி கேட்டாள். தேறிய மகிழ்ச்சியில் குழுவும் கடிதம் கொடுத்தது. துடைப்பத்தையும் நாற்காலியையும் எடுத்து வெளியே வைத்தாள், மூன்று 'வருக'க்களையும் சுருட்டினாள், இரண்டாம் மாடிக் கதவில் ஏதோ செய்தாள். மத்தியானத்துக்குள் லிப்ட் ஓடியது. தரையிலிருந்து ஆறாம் மாடிக்கு இருபத்திரண்டு விநாடி.

முதல் இரண்டு நாள் எல்லோரும் சும்மாவே ஏறி இறங்கினார்கள். மூன்றாம் நாள் காலை வழக்கம்போல் கதவுக்கு முன் நின்று, வழக்கம்போல் பொத்தானை அழுத்தி, "இவங்க எங்க" என்று ஆரம்பிப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. ஏறிக்கொண்டார்கள். உள்ளே என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஒருவர் ஒரு மாப்பிள்ளை விவரம் ஆரம்பித்து, ஊர்ப் பெயர் சொல்வதற்குள் மாடி வந்துவிட்டது. மாலையில் இரண்டு பேர் வீம்புக்குப் படியில் ஏறினார்கள். உபகுழு கூடி, பேசப் பொருள் இல்லாமல் தேநீர் மட்டும் அருந்திக் கலைந்தது. செயலாளர் அம்மாவின் பாடப்புத்தகத்தில் முதல் பாடமே போய்விட்டது.

தலைவர் மருமகளை அழைத்துப் பேசினார்.

"நீங்க செஞ்சது தப்புன்னு சொல்லலைம்மா. ஆனா ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம்."

"கேட்டேனே டாக்டர். நீங்கதான் கடிதம் குடுத்தீங்க."

"குடுத்தோம். பழுதுபார்க்கறதுக்குக் குடுத்தோம். ஓட வைக்கணும்னு அதுல எங்க எழுதியிருக்கு?"

அவள் கடிதத்தை எடுத்துப் பார்த்தாள். எழுதியிருக்கவில்லைதான்.

நான்கு மாதம் கழித்து அவன் வந்து சேர்ந்தான். ஒரு பை, பெயரில் புள்ளி, காலில் யாரோ கொடுத்த பெரிய செருப்பு. ரயிலடிக்கு அவள்தான் போயிருந்தாள். திட்ட வேண்டியவை எல்லாவற்றையும் வழியில் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். ஆளைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. "இளைச்சுட்டீங்க," என்பது மட்டும் வந்தது. அது குறையா பழுதா என்று அவளுக்கே தெரியவில்லை.

கட்டடத்துக்குள் நுழைந்து லிப்டில் ஏறினார்கள். கூடவே மூன்றாம் மாடிக்காரரும் அவர் மனைவியும் ஏறிக்கொண்டார்கள். உள்ளே, கண்ணாடிக்குப் பக்கத்தில், புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேலே ஒரு பேனாவும் நூலில் தொங்கியது.

'லிப்ட் மிதமிஞ்சிய வேகத்தில் இயங்குவதாலும், முன்னறிவிப்பின்றிச் சரிசெய்யப்பட்டதாலும், குடியிருப்போரின் நெடுநாள் நல்லுறவு சீர்குலைந்துள்ளது. இதற்குக் காரணமான ஆறாம் மாடி மெக்கானிக் மீது தக்க நடவடிக்கை எடுக்கக் கோரி, கீழே கையொப்பமிட்டுள்ளோர்.' அறுபத்தொரு கையெழுத்து. தலைவர் போட்டிருந்தார். செயலாளர் அம்மா பச்சை மையில் போட்டிருந்தார். அறுபத்தொன்றாவதாக, மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக, மாமியாரின் கையெழுத்து.

மருமகள் மேலிருந்து கீழ்வரை படித்தாள். "ச்சு," என்றாள்.

"என்னாச்சு?" என்றான் கணவன்.

"பாருங்களேன். கட்டடத்துல அத்தனை பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கியிருக்காங்க. வீட்ல அத்தைகிட்டகூட வாங்கியிருக்காங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை."

"உன்னைப் பத்தித்தானே எழுதியிருக்கு?"

"அதுக்காக? நானும் இங்கதானே குடியிருக்கேன்?"

"நியாயந்தான்மா," என்றார் மூன்றாம் மாடிக்காரர். "இவங்க எதைத்தான் ஒழுங்கா செஞ்சாங்க."

அவள் நூலில் தொங்கிய பேனாவை இழுத்து அறுபத்திரண்டாவது கையெழுத்தைப் போட்டாள். பேனா சரியாக எழுதவில்லை என்பதையும் சொன்னாள். மூன்றாம் மாடிக்காரரின் மனைவி அவளுக்காகச் சற்று நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

கணவன் லிப்டின் பளபளக்கும் சுவரையும், எரிகிற விளக்கையும், மாறி மாறி வருகிற எண்களையும் பார்த்துக்கொண்டு வந்தான். இருபது மாதமும் நான்கு மாதமும் சேர்ந்து அவன் முகத்திலிருந்து மெல்ல இறங்கின.

"பரவாயில்லையே," என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி.

மூன்றாம் மாடிக்காரரும் அவர் மனைவியும் அவனைத் தலையிலிருந்து அந்தப் பெரிய செருப்புவரை பார்த்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள்.

"புதுசா வந்திருக்கார்," என்றாள் அவள் தாழ்ந்த குரலில். "போகப்போகச் சரியாயிடுவார்."